வெள்ளையாகக் காய்ந்த துளி

என் தங்கை வஸீலாவிடம் யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "நீ பாத்தியா?" என்பதுதான். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "என்னத்தப் பாத்த?" சண்டைக்காகக் கேட்பதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். ஆனால் சொல்ல வந்தவர்களுக்குப் பாதியிலேயே வாய் அடைத்துவிடும். எங்கள் அம்மா இருந்தவரை, "உன்னப் பொண்ணு பாக்க வர்றவங்க கூடவே சாட்சியையும் கூட்டிட்டு வரணும்டி" என்று சொல்லிச் சிரிப்பாள். அப்படி வந்தவர்களும் உண்டு, போனவர்களும் உண்டு. வஸீலா திருமணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை.

கடலோரத்தில் இருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரில், மீன் சந்தையிலிருந்து வடக்கே வரும் சாலையில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது தொழில். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவள் பல்கலைக்கழகம் வரை படித்து, இப்போது எங்கள் பகுதி நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறாள். தங்கையைப் பற்றிப் பெருமை அடிக்கிறான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன். கூட்டியோ குறைத்தோ எழுதினால் அவளே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைத் தாலாவுக்கு அனுப்பினார்கள். மலை மேல் இருக்கும் ஊர், குளிர்காலத்தில் பனி விழும். எங்கள் கடலோர உடம்புக்கு அந்தக் குளிர் ஆகாது என்று அம்மா அழுதாள். போன முதல் குளிர்காலத்தில் ஒருநாள் வஸீலா தொலைபேசியில் கூப்பிட்டாள். காய்ச்சலோ என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"அண்ணே, இங்க தண்ணி நூறுக்கு முன்னாடியே கொதிக்குது" என்றாள்.

"அடுப்புல ஏதாவது கோளாறா?"

"அடுப்பு இல்லண்ணே, ஊரே உயரத்துல இருக்கு. காத்தோட அழுத்தம் கொறச்சல். தொண்ணூத்தி ஏழுக்குக் கீழயே கொதிக்குது. பிள்ளைங்க கண்ணால பாத்தாங்க."

பாடப்புத்தகத்தில் நூறு என்று இருக்கிறது, பிள்ளைகள் நூறு என்றே எழுதட்டும் என்றாராம் அங்கிருந்த தலைமையாசிரியர். புத்தகம் கடலோரத்தில் கொதிக்கும் தண்ணீரைச் சொல்கிறது, என் பிள்ளைகள் தாலாவில் கொதித்த தண்ணீரைப் பார்த்தார்கள், இரண்டையும் எழுதட்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த வருடம் அவளுடைய பணிப் பதிவேட்டில் நல்ல குறிப்பு எழுதப்படவில்லை. ஆறு வருடம் அந்த மலையில் இருந்துவிட்டு ஊருக்கு மாற்றலாகி வந்தாள்.

இங்கே பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று ஒரு அறை உண்டு. உள்ளே பூட்டிய அலமாரி ஒன்று, குழாய் இல்லாத அடுப்பு ஒன்று, குழாய் இருந்தும் எரியாத அடுப்பு ஒன்று. அதனால் மீன் சந்தைக்குப் போய் ஐஸ் கட்டி கேட்டு வாங்கி வருவாள். ஐஸ் உருகும்போது வெப்பமானி பூஜ்யத்திலேயே நிற்கும் என்று காட்டத்தான். ஒருமுறை அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. பிள்ளைகள் வெப்பமானி கெட்டுவிட்டது என்றார்கள். இவள் நேராகச் சந்தைக்குத் திரும்பிப் போய் மீன்காரரிடம், "ஐஸ்ல உப்பு போட்டீங்களா?" என்று விசாரித்தாள். "கொஞ்சம் போட்டேன் மேடம், கோவிச்சுக்காதீங்க" என்று அவர் காசைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். இவள் சந்தோஷமாக இன்னொரு கட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். என் கடையில் மிஞ்சும் துண்டுக் கண்ணாடிகளை விளிம்பு தேய்த்து, கை கிழிக்காதபடி ஒரே அளவில் வெட்டிக் கொடுப்பேன். துளி வைத்துக் காய விடுவதற்கு அவை உதவும்.

போன குளிர்காலத்தில் நடந்ததும் அப்படி ஒரு துளியால்தான்.

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். குளிக்கவும் துவைக்கவும் அது போதும். குடிக்க, தேநீர் போட, கூஸ்கூஸ் ரவை வேகவைக்க எல்லாம் மழைத் தண்ணீர்தான். பழைய வீடு ஒவ்வொன்றிலும் முற்றத்துக்கு அடியில் மாஜல் இருக்கும். மொட்டை மாடியில் விழும் மழை குழாய் வழியாக இறங்கி அந்தத் தொட்டியில் சேரும். தங்கள் மாஜல் தண்ணீர்தான் தெருவிலேயே ருசியானது என்று சொல்லாத வீடு இல்லை. மழைக்காலம் வருமுன் மாடியைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடிப்பார்கள். பிறகு முதல் மழை வரும்போது தொட்டி வாயில் துணியைச் சுருட்டி அடைத்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் தெருவுக்கு ஓட விடுவார்கள். மாடியில் இருக்கும் தூசி, புறா எச்சம், சுண்ணாம்புக் கசிவு எல்லாம் அதோடு போய்விடும். இரண்டாவது மழைக்குத்தான் துணியை எடுப்பார்கள். முதல் மழையை உள்ளே விடுகிறவர்களை எங்கள் ஊரில் சோம்பேறி என்றுகூடச் சொல்வதில்லை. அழுக்கர்கள் என்பார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் மழை பொய்த்துப்போயிற்று. பல வீட்டு மாஜல்களில் தரை தெரிந்தது; அந்த வருடம் பெய்த கொஞ்ச மழையும் அவற்றை நிரப்பவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் சதூக்கிடம் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு ஆலிவ் தோட்டம் உண்டு. அதன் நடுவில் அவருடைய அப்பா கட்டிய பெரிய மாஜல், மழையைப் பிடிக்க அதைச் சுற்றிலும் சுண்ணாம்பு பூசிய அகலமான சரிவுத் தளம். சின்ன சரக்கு வண்டியில் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை வருவார். அதிகம் பேசாத மனிதர். அவருடைய மகள் நவ்ரஸ், வஸீலாவின் ஏழாம் வகுப்பில் படித்தாள்.

பாடம் தூய பொருளும் கலவையும் பற்றியது. "ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில்ல வீட்டுத் தண்ணி கொண்டு வாங்க" என்று வஸீலா சொல்லியிருந்தாள். குழாய்த் தண்ணீரை அவளே கொண்டுபோனாள். மருந்து ஊற்றும் துளிக்குழாயால் ஒவ்வொரு கண்ணாடித் துண்டிலும் ஒரே ஒரு துளி வைத்து, பெயர் எழுதி, வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினார்கள். துளி காய்ந்தபின் கண்ணாடியில் எது மிஞ்சுகிறதோ அது தண்ணீரில் கரைந்து இருந்தது என்று அர்த்தம். குழாய்த் தண்ணீர் காய்ந்த இடத்தில் தடித்த வெள்ளை. மாஜல் தண்ணீர் காய்ந்த இடங்களில் மூச்சு பட்டதுபோல மெல்லிய மங்கல். வஸீலா பலகையில், "வெள்ளை மிஞ்சினால் உப்பு கரைந்திருந்தது" என்று எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

கடைசிக் கண்ணாடி நவ்ரஸுடையது. அதில் குழாய்த் தண்ணீருக்குச் சற்றுத்தான் குறைவாக, அழுத்தமான வெள்ளை வளையம்.

முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன், "மேடம், இது குழாய்த் தண்ணி" என்றான்.

இன்னொருவன், "எங்கம்மா அதுக்குத்தான் காசு குடுக்கறாங்களா?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நவ்ரஸ், "எங்க அப்பா அப்படிச் செய்ய மாட்டாரு" என்றாள். "அப்ப கண்ணாடி பொய் சொல்லுதா? பலகையப் பாரு" என்றான் முதல் பையன். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இதையெல்லாம் வஸீலா அன்று சாயங்காலம் கடைக்கு வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் சரியில்லை. ஆனால் அவள் வருவதற்கு முன்னாலேயே, இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஃபத்தியா அக்கா மூலம் எனக்குச் செய்தி வந்துவிட்டது. அதுவும் வளர்ந்து வந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்து நிரூபித்துவிட்டார்களாம். சதூக் இரவில் குழாயைத் திறந்துவிட்டு மாஜலை நிரப்புகிறாராம்.

அடுத்த முறை சதூக்கின் வண்டி தெருவுக்குள் வந்தபோது நான் கடை வாசலில் நின்றிருந்தேன். ஃபத்தியா அக்கா கையில் டப்பா இல்லாமல் இறங்கி வந்தாள்.

"என்ன சதூக், வண்டி ரொம்ப கனமா வருது. கடலையே அள்ளிட்டு வந்துட்டியா?"

"உங்களுக்கு எத்தன டப்பாக்கா?"

"எனக்கு எதுக்குப்பா? என் வீட்லயே குழாய் இருக்கு."

எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். சதூக் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை என்று கத்தியிருக்கலாம். அவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பின்பக்கமாகவே நகர்த்தி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு டப்பாகூட இறங்கவில்லை.

"பாத்தியா ஹாதி? குத்தம் இல்லாதவன் இப்படியா போவான்?" என்றாள் ஃபத்தியா அக்கா, என் பக்கம் திரும்பி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாளிலிருந்து நவ்ரஸ் பள்ளிக்கு வரவில்லை.

வஸீலா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஹரீஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைக் கையில் வைத்தபடியே யோசனையில் இருப்பாள். ஒருநாள் அந்த வெள்ளை வளையம் இருந்த கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்து என் மேசை விளக்கடியில் வைத்தாள்.

"அண்ணே, நான் என்னத்தப் பாத்தேன்?"

"உப்பப் பாத்த."

"இல்ல. வெள்ளையப் பாத்தேன். உப்பும் வெள்ளை. சக்கரையும் வெள்ளை. மாவும் வெள்ளை. ஒரு பொருளுக்கு நிறம் ஒரு குணம்தான். ஒரே குணத்த வெச்சு அது இன்னதுதான்னு பலகையில எழுதிட்டேன். பிள்ளைங்ககிட்ட ஓயாம எதச் செய்யாதீங்கன்னு சொல்றேனோ அதையே செஞ்சேன்."

அப்படிச் சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடியை நாக்கால் தொட்டாள்.

"வகுப்புல எதையும் வாயில வெக்கக் கூடாதுன்னு சொல்வியே" என்றேன்.

"இது வகுப்பு இல்ல, உன் கடை. என்ன வெச்சேன்னும் எனக்குத் தெரியும். கரிக்கல அண்ணே. வாய் வறளுது, சுவத்த நக்கின மாதிரி இருக்கு."

கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து வினிகர் எடுத்து வந்து ஒரு சொட்டு விட்டாள். வளையம் முழுவதும் பொடிக் குமிழிகள் நுரைத்து எழுந்தன. நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன், சன்னமாகச் சத்தம்கூடக் கேட்டது.

"சுண்ணாம்பு" என்றேன்.

"சுண்ணாம்பு இருக்குன்னு சொல்லலாம். உப்பு இல்லன்னு இன்னும் சொல்ல முடியாது. குழாய்த் தண்ணியிலயும் கொஞ்சம் சுண்ணாம்பு உண்டு, அதுவும் நுரைக்கும். உப்புக்குத் தனியாச் சோதனை வேணும்."

அந்தச் சோதனைக்கு வேண்டிய, உப்பு பட்டால் வெளுக்கும் வெள்ளி நைட்ரேட்டும் அமிலமும் பள்ளியின் பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவி தலைமையாசிரியர் நாஸரிடம். அவர் கெட்டவர் இல்லை. அமைதியாக இருக்கட்டும் என்று நினைப்பவர்.

"நாலு நாள் போனா ஆறிடும், மேடம். நீங்க பாடத்த நடத்துங்க. தெருச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்றது நம்ம வேலையில்ல" என்றாராம்.

"தீர்ப்பு சொல்லியாச்சு சார். என் வகுப்புல, என் கையெழுத்துல."

அவர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "அமிலத்தைப் பிள்ளைங்க தொடக் கூடாது" என்பதை மட்டும் சொன்னார்.

ஆனால் வஸீலா உடனே சோதனை செய்யவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னும் செய்வதற்கு முன்னால் அந்த மனிதரிடம் கேட்க வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தபின் நானும் அவளும் சதூக்கின் தோட்டத்துக்குப் போனோம்.

அவர் மாஜல் மூடியின் மேல் உட்கார்ந்து பழைய வாளிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நவ்ரஸ் தெரிந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

"என்ன மேடம், இன்னும் ஒரு பாட்டில் வேணுமா?" என்றார்.

"தப்பு எம்மேலதான் சதூக் அண்ணே. வெள்ளையப் பாத்துட்டு உப்புன்னு எழுதிட்டேன். உங்க தண்ணியில சுண்ணாம்பு இருக்கு. உப்பு கலந்திருக்காதுன்னுதான் நினைக்கறேன், ஆனா சோதிக்காம சொல்ல மாட்டேன். வகுப்புல எல்லார் முன்னாடியும் சோதிக்கலாம்னு இருக்கேன். நீங்க சரின்னாத்தான்."

அவருக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். முகம் இன்னும் இருண்டது.

"சுண்ணாம்புன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் புரிஞ்சிரும்" என்றார்.

"என்ன புரியும்?"

கயிற்றை முடிச்சுப் போட்டபடியே சொன்னார். இரண்டு வருடம் மழை இல்லாமல் மாஜல் அடிவரை காய்ந்து கிடந்தது. செப்டம்பரில் தளத்தைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். அன்று ராத்திரியே இடி இடித்தது. தொட்டி வாயை அடைத்துத்தான் வைத்திருந்தார். தண்ணீர் தளத்தில் இறங்கி வெள்ளையாக ஓடி, வாய்க்கால் வழியாக மண்ணுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இதுதான் இந்த வருஷ மழையோ என்னவோன்னு தோணுச்சு. அடுத்தது வருமான்னு யாருக்குத் தெரியும்? துணிய நானே உருவிட்டேன். எங்கப்பா இருந்திருந்தா என் கைய ஒடிச்சிருப்பாரு."

"அதுக்குத்தான் தெருவுல வாயே தெறக்காமப் போனீங்களா?" என்றேன்.

"கலப்படம் பண்றான்னு சொன்னா ரெண்டு மாசம் திட்டுவாங்க ஹாதி, அப்புறம் வெல கொறச்சா வாங்கிக்குவாங்க. மொத மழைய உள்ள விட்டான்னு தெரிஞ்சா என் டப்பா பட்ட எடத்தையே கழுவி விடுவாங்க."

வஸீலா தளத்தில் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "சுண்ணாம்பு அடிக்கறதுக்கு முன்னாடி நல்லாக் கழுவினீங்களா?"

"பிரஷ் போட்டு, நானும் எம் பொண்டாட்டியும். ரெண்டு நாள்."

"அன்னிக்கே மழை வந்துச்சுன்னா, தூசியோ எச்சமோ சேர நேரம் இருந்திருக்காது."

சதூக் சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப தண்ணி சுத்தம்தானே? அதச் சொல்லிருங்க மேடம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க வார்த்தைக்கு இந்தத் தெருவுல என்ன மதிப்புன்னு நான்தான் பாத்துட்டேனே."

"சொல்ல முடியாது" என்றாள் வஸீலா.

எனக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, அவரு இவ்வளவு தூரம் சொல்றாரே. சுத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சிருவ? பொழப்பு போகுதுல்ல."

"நினைக்கறது வேற, பாத்தது வேற அண்ணே. உப்பு இருக்கா இல்லையான்னு பாக்க எங்கிட்ட வழி இருக்கு. சுண்ணாம்புக்கும் இருக்கு. கிருமி இருக்கான்னு பாக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதுக்கு நகராட்சி சுகாதார ஆய்வகத்துக்குத்தான் அனுப்பணும். பாக்காததச் சொல்லித்தான் இவரு தெருவ விட்டுத் திரும்பிப் போக வேண்டியதாச்சு. இப்ப இவருக்கு நல்லதுங்கறதுக்காக அதையே மறுபடி செஞ்சா, நாளைக்கு நான் சொல்ற எதத்தான் நம்புவாங்க?"

சதூக் மாஜல் மூடியைத் திறந்தார். எங்கள் மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. வாளியை உள்ளே இறக்கித் தண்ணீர் எடுத்தார். நவ்ரஸைக் கூப்பிட்டு இரண்டு பாட்டில் கொண்டு வரச் சொன்னார்.

"ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கு. ஒண்ணு நகராட்சிக்கு" என்றார். மகளிடம், "நாளைக்குக் கெளம்பு. என்ன கேட்டாலும் நடந்தத சொல்லு" என்றார்.

"எல்லாத்தையுமாப்பா?"

"எல்லாத்தையும்."

ஆய்வுக்கூடத்தின் ஜன்னலில் ரொம்ப நாளாக ஒரு கண்ணாடி உடைந்து கிடந்தது. அதைப் போட்டுத் தர எனக்குச் சோதனை நடந்த அன்றுதான் நேரம் கிடைத்தது. வஸீலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மெதுவாகவே வேலை பார்த்தேன்.

அவள் முதலில் பலகையில் அன்றைய வாக்கியத்தை அப்படியே எழுதினாள். "இத எழுதுனது யாரு?" என்றாள். "நீங்கதான் மேடம்" என்றார்கள். "தப்பா சரியான்னு இன்னிக்குப் பாக்கலாம்" என்று சொல்லி நவ்ரஸை முன்னால் கூப்பிட்டாள். நான்கு சோதனைக் குழாய்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இரண்டில் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த மாஜல் தண்ணீர், நான்காவதில் சதூக்கின் தண்ணீர். சுண்ணாம்பு குறுக்கே வந்து குழப்பக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் வஸீலா தன் கையால் ஒரு துளி அமிலம் விட்டாள். பிறகு வெள்ளி நைட்ரேட்டை விடுவது நவ்ரஸ்.

முதல் குழாயில் துளி விழுந்ததும் தண்ணீர் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. "ஓ" என்று பின்வரிசை எழுந்து நின்றது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் புகை மாதிரி லேசான மங்கல், அவ்வளவுதான். கடல் பக்கத்தில் இருக்கிறோம், காற்றிலேயே கொஞ்சம் உப்பு வரும். நான்காவதில் நவ்ரஸ் துளியை விட்டாள். நானும் உளியைக் கீழே வைத்துவிட்டேன். லேசான மங்கல். இரண்டாவதற்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"உப்பு இல்ல" என்றாள் நவ்ரஸ். முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"மத்த மாஜல்ல எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான்" என்று திருத்தினாள் வஸீலா.

அன்று முதலில் குற்றம் சொன்ன பையன் விடவில்லை. விடாததற்கு அவனைத் திட்டவும் முடியாது, கேள்வி சரியான கேள்விதான். "அப்ப அந்த வெள்ளை என்ன மேடம்?"

வஸீலா வினிகர்ப் புட்டியை நவ்ரஸிடம் நகர்த்தினாள். நவ்ரஸ் காய்ந்த கண்ணாடியில் வினிகர் விட்டாள், நுரைத்தது. "சுண்ணாம்பு" என்றாள்.

"இவ்வளவு சுண்ணாம்பு எப்படி வந்துச்சு?"

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு என்ன பதில் என்று தெரியும். நவ்ரஸ் மேசையைப் பார்த்தபடி, "மொத மழைய உள்ள விட்டுட்டோம். வேற மழை வராதுன்னு அப்பா பயந்துட்டாரு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அப்போது ஜன்னலோரம் இருந்த ஒரு குண்டுப் பெண், "எங்க வீட்லயும் விட்டோம்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்தாள். "ஏண்டி, வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லலையா?"

"சொன்னாங்க. உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மாவும் அதத்தான் சொன்னாங்க."

இப்போது வகுப்பு சிரித்தது. வஸீலாவும் சிரித்தாள். ஆனால் அதை அப்படியே விட்டுவிடவில்லை. முதல் முறை பாட்டில் கொண்டுவராத அந்த இருவரும் அன்று கொண்டுவந்திருந்த தண்ணீரைத் துளி வைத்துக் காயப்போட்டு, வினிகர் விடச் சொன்னாள். ஒன்று நுரைத்தது, ஒன்று நுரைக்கவில்லை. நுரைக்காத வீட்டுப் பெண் ஏமாந்துபோனாள். சுண்ணாம்பு அடித்து எத்தனை நாள் கழித்து மழை வந்தது என்று கேட்டால், சுண்ணாம்பே அடிக்கவில்லையாம். "அப்ப உங்க வீட்டுத் தண்ணியில என்ன இருக்குன்னு இந்தச் சோதனை சொல்லாது, புரியுதா?" என்றாள் வஸீலா. பலகையில் இருந்த பழைய வாக்கியத்தை நவ்ரஸையே அழிக்கச் சொன்னாள். புது வாக்கியத்தை அவள் எழுதவில்லை, பிள்ளைகளைச் சொல்லவைத்தாள். "வெள்ளை மிஞ்சினால் ஏதோ கரைந்திருந்தது. எது என்று தெரிய இன்னொரு குணத்தையும் பார்க்க வேண்டும்." கொஞ்சம் நீளம்தான். ஆனால் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

தெருவில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அன்று சாயங்காலமே விஷயம் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கலப்படம் என்ற பேச்சு நின்றது. அதற்குப் பதிலாக முதல் மழை என்ற பேச்சு ஆரம்பித்தது. ஆனால் அதை உரக்கப் பேசத்தான் நிறைய வீடுகளுக்குத் தைரியம் இல்லை. எந்தப் பிள்ளை வகுப்பில் என்ன சொல்லி வைத்ததோ என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம். சில வீடுகள் வேறு ஆளிடம் தண்ணீர் வாங்கத் தொடங்கிவிட்டன, இன்றுவரை திரும்பவில்லை. அதையும் எழுத வேண்டும்.

சதூக் அடுத்த வாரம் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, யாரும் கேட்குமுன் தானே சத்தமாகச் சொன்னார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"தண்ணியில உப்பு இல்ல. சுண்ணாம்பு இருக்கு, மொத மழைய நான்தான் உள்ள விட்டேன். மத்ததுக்கு நகராட்சிக்குக் குடுத்திருக்கேன், காகிதம் இன்னும் வரல. வேணுங்கறவங்க வாங்கலாம்."

ஃபத்தியா அக்கா இடுப்பில் கையை வைத்து நின்றாள். "காகிதம் வர்ற வரைக்கும் நாங்க என்ன பண்றது?"

"கொதிக்க வெச்சுக் குடிங்கக்கா. மேடம் அப்படித்தான் சொன்னாங்க."

"மேடம் சொன்னாங்களா?" அவள் என் கடைப் பக்கம் திரும்பினாள். வஸீலா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "ஏம்மா வஸீலா, தண்ணி நல்ல தண்ணியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"தெரியாதுக்கா" என்றாள் வஸீலா, தலையைத் தூக்காமலேயே.

ஃபத்தியா அக்கா வீட்டுக்குள் போய் டப்பாவை எடுத்து வந்தாள். "படிச்ச பொண்ணு தெரியாதுன்னு சொல்லுது, தண்ணி விக்கறவன் மொத மழைய உள்ள விட்டேன்னு சொல்றான். இவங்க ரெண்டு பேரும் சொல்றதக் கேட்டா எனக்கு இருக்கற நம்பிக்கையும் போயிரும் போல. பாதி ஊத்து சதூக். பாதி போதும்."

சதூக் டப்பாவை வாங்கிப் பாதி ஊற்றினார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் இரண்டு குவளை ஊற்றினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.